விசில் அடிக்கிற பையனுக்கும் கோயிலில் இடம் உண்டு!

புதுச்சேரியில் எந்தப் பங்குக் கோயிலை எடுத்துக்கொண்டாலும் அப்படி ஒரு பையன் இருப்பான். ஞாயிறு பூசைக்கு வருவான், ஆனால் உள்ளே வர மாட்டான். வெளியே பைக் மேல் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருப்பான். மறைக்கல்வி வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்பான். அதே பையன்தான் திருவிழா வந்தால் சீரியல் லைட் கட்ட முதல் ஆளாக ஏணியில் ஏறுவான்.

‘அவனைச் சேர்த்தா மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போயிடும்’ என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது. இரண்டு முறை கண்டிப்பார்கள். மூன்றாவது முறை, ‘இனி இளைஞர் கூட்டத்துக்கு வராதே’ என்று விடுவார்கள். அவனும் வர மாட்டான். மதுக்கடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரில், கோயில் அனுப்பிவிட்ட பையனைக் கூப்பிட்டுக்கொள்ள வெளியே ஆள் காத்திருக்கிறது.

அடி வாங்கியவன் நண்பன் ஆனான்

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்துக்கு டிசம்பர் 8 முக்கியமான நாள். 1841-ல் அதே டிசம்பர் 8 அன்று, இத்தாலியின் டூரின் நகரக் கோயில் ஒன்றில் ஒரு பையன் அடி வாங்கினான். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்று சொன்னதற்காகக் கோயில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார்.

அங்கிருந்த இளம் குரு ஜான் போஸ்கோ, அவன் தன் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைத்துவரச் செய்தார். பேச்சுக் கொடுத்தபோது, அவனுக்கு அம்மா, அப்பா இல்லை, எழுதப் படிக்கவும் தெரியாது என்று தெரிந்தது. விசிலாவது அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டானாம். தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததில் பேச்சை ஆரம்பித்ததுதான் அவர் செய்த வேலை. சலேசிய சபையினர் தங்கள் பணியின் தொடக்கமாக இன்றும் சொல்வது அந்தச் சந்திப்பைத்தான்.

ரயில் நிலையத்து ‘ஜெனரல்’

1857-ல் கார்மஞோலா ரயில் நிலையத்தில் ஒரு சிறுவர் பட்டாளம் கூச்சல் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது. ரயிலுக்குக் காத்திருந்த ஜான் போஸ்கோ அருகில் போனதும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தலைவன் மிக்கேல் மகோனே மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றான்.

அவனைப் பற்றி உள்ளூர் குருவிடம் விசாரித்தபோது, ‘புத்திசாலி, ஆனால் அவன் வராத நாளில்தான் வகுப்பு அமைதியாக இருக்கும்’ என்ற பொருளில் பதில் வந்தது. அதைப் படித்த பிறகும் ஜான் போஸ்கோ அவனைத் தன் இல்லத்தில் சேர்த்துக்கொண்டார். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு மூத்த மாணவனைத் தோழனாகக் கொடுத்தார். பட்டாளத்தை நடத்திய அதே துடிப்பு, பிறகு நண்பர்களுக்கு உதவுவதில் திரும்பியது. 1859 ஜனவரியில் மகோனே நோயில் இறந்தான். ஜான் போஸ்கோ அவன் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

தஞ்சாவூர் வழியாக வந்த அன்பு

சலேசிய சபையினர் தமிழ் மண்ணுக்கு வந்தது 1906-ல், தஞ்சாவூருக்கு. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில்தான் பணி ஆரம்பித்தது. இன்று சென்னையில் தெருவோரச் சிறுவர்களுக்காக அவர்கள் நடத்தும் ‘அன்பு இல்லம்’ அதே வழியில் வந்ததுதான்.

2019-ல் போப் பிரான்சிஸ் இளைஞர்களுக்காக எழுதிய ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலும் இதையே பேசுகிறது. சந்தேகம், காயம், தவறு எதுவோடு வந்தாலும் இளைஞர் பணியில் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்கிறார். தெருவில் நாலு பேரைச் சேர்க்கத் தெரிந்த பையனிடம் இருக்கும் இயல்பான தலைமைப் பண்பை ஒதுக்கிவிட வேண்டாம் என்பதும் அதில் உண்டு.

என்ன செய்யலாம்?

கண்டிப்பே வேண்டாம் என்பதல்ல. மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் ‘நீ செய்தது தப்பு’ என்பதும் ‘நீயே தப்பு’ என்பதும் ஒன்றல்ல.

* கிறிஸ்துமஸ் குடில், கேரல் பவனி, ஒலிபெருக்கி என்று உண்மையான ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். சொதப்பினால் இன்னொரு வாய்ப்பும் கொடுக்கலாம்.

* கூட்டத்துக்கு வரவில்லையா? அவன் விளையாடும் இடத்துக்குப் பெரியவர் ஒருவர் போகலாம். 1884-ல் எழுதிய கடிதத்தில் ஜான் போஸ்கோ வருந்தியது, பெரியவர்கள் பிள்ளைகளோடு விளையாட்டுத் திடலில் கலப்பது குறைந்ததைப் பற்றித்தான். நாம் அன்பு வைத்திருப்பது மட்டும் போதாது, அது பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

* எதிர்க்கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டால் ‘தெரியல தம்பி, தேடிப் பார்ப்போம்’ என்று சொல்லலாம்.

* வீட்டில் அடி, போதை போன்ற பெரிய பிரச்னை தெரியவந்தால் கோயிலுக்குள்ளேயே மூடிவைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பைக் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனிடம் ‘ஏன் உள்ளே வரலை?’ என்று கேட்காமல், ‘சாப்பிட்டியாப்பா?’ என்று கேட்டுப் பாருங்கள். மகோனேயின் கதையும் அப்படி ஒரு பேச்சில்தான் தொடங்கியது.