உள்ளங்கையில் ஒரு பம்பரம்

டென்னிஸ் பந்தின் அளவுதான் இருக்கும். எடை கால் கிலோவுக்குப் பக்கம். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. அதன் ஒரு பக்கத்தில் வட்டமான திறப்பு. எட்டிப் பார்த்தால் உள்ளே கனமான இன்னொரு பந்து தெரியும். அந்த உட்பந்தில் ஒரு சிறு கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் அது ஓட்டுக்குள்ளேயே சுழலத் தொடங்கும்.

இதுவரை வியப்பதற்கு ஒன்றும் இல்லை. சாட்டையை இழுத்தால் பம்பரம் சுற்றத்தானே செய்யும்? இனிமேல்தான் வேடிக்கை. பந்தைக் கையில் இறுகப் பிடித்து, ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவது போல மணிக்கட்டைச் சிறு வட்டமாகச் சுழற்றுங்கள். பழகாத கையில் முதலில் ஒன்றும் நடக்காது. தாளம் பிடிபட்டவுடன் உட்பந்தின் வேகம் குறைவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் 'ஊஊஊ' என்று உயரும். பந்து கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். இரண்டு நிமிடத்தில் முன்கை கடுக்கும்.

உள்ளே மோட்டார் இல்லை, பாட்டரி இல்லை. உட்பந்தை விரலால் தொடவும் இல்லை. பின் அதைச் சுழற்றியது யார்?

கைக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி தரும் இந்தக் கருவியின் அடிப்படை அமைப்புக்கு 1973-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஆர்ச்சி மிஷ்லர் என்பவர் காப்புரிமை பெற்றார். 'டைனா பீ' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் 'பவர்பால்' என்று கேட்டால்தான் தெரியும். பல உடற்பயிற்சிக் கருவிகளை விட இதற்குள் இயற்பியல் அதிகம். 2000-ஆம் ஆண்டில்கூட, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் இதன் இயக்கச் சமன்பாடுகளை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள்.

பிடிவாதம் பிடிக்கும் சக்கரம்

பந்தைத் திறப்பதற்கு முன் பம்பரத்தைப் பார்ப்போம். சுற்றாத பம்பரத்தை ஆணியின் மேல் நிறுத்த முடியாது. சுற்றும் பம்பரமோ நிற்கிறது. சற்றுச் சாய்ந்தாலும் விழுவதில்லை; அதன் தலை மெல்ல வட்டமிடுகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது, அது பக்கவாட்டில் நகர்கிறது!

வேகமாகச் சுழலும் எந்தப் பொருளுக்கும் இந்தக் குணம் உண்டு. அதன் அச்சை ஒரு திசையில் தள்ளினால், தள்ளிய திசைக்குச் செங்குத்தான திசையில்தான் அது நகரும். காரணம் கோண உந்தம். சுழலும் பொருளின் கோண உந்தம் அச்சின் வழியே ஓர் அம்புபோல் நீண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கும் திருப்புவிசை அந்த அம்பை நீட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அதன் நுனியைப் பக்கவாட்டில் திருப்பி விடுகிறது. சுழற்சி வேகம் கூடக்கூட அம்பு நீளும், அதைத் திருப்புவதும் கடினமாகும். பிரான்சு நாட்டு அறிஞர் ஃபூக்கோ 1852-இல் பூமியின் சுழற்சியைக் காட்ட ஒரு கருவி செய்து அதற்கு 'கைரோஸ்கோப்' என்று பெயரிட்டார். கப்பலின் திசைகாட்டி முதல் விண்கலம் வரை அதன் வாரிசுகள் ஏராளம். நம் பந்தும் அந்தக் குடும்பம்தான்.

காடிக்குள் நடப்பது என்ன?

உட்பந்தின் நடுவே ஓர் உலோக அச்சு ஓடுகிறது. அதன் இரு நுனிகளும் வெளி ஓட்டின் உட்புறத்தைச் சுற்றி வெட்டப்பட்ட ஒரு காடிக்குள் நிற்கின்றன. காடிக்குள்ளேயே ஒரு மெல்லிய வளையம் இருக்கும். நுனிகள் இரண்டும் எதிரெதிரே நிற்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆகவே உட்பந்து தன் அச்சில் சுழலலாம். அதோடு அந்த அச்சே காடியின் வழியாகக் கடிகார முள்போல் சுற்றியும் வரலாம். இந்த இரண்டாவது சுற்றில்தான் இரகசியம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, காடியின் அகலம் அச்சு நுனியின் தடிப்பைவிடச் சற்றே கூடுதல். இந்த இடைவெளி தயாரிப்புக் குறைபாடு அன்று, வேண்டுமென்றே விடப்பட்டது.

உட்பந்து சுழன்றுகொண்டிருக்கும்போது மணிக்கட்டை அசைத்து ஓட்டைச் சாய்க்கிறீர்கள். அச்சின் ஒரு நுனியைக் காடியின் கீழ் விளிம்பு மேல்நோக்கித் தள்ளுகிறது. எதிர் நுனியை மேல் விளிம்பு கீழ்நோக்கி அழுத்துகிறது. சாதாரணப் பொருளாக இருந்தால் அச்சு சாய்ந்துவிடும். இது சுழலும் பொருள் ஆயிற்றே! சாய்வதற்குப் பதில் அச்சு பக்கவாட்டில் நகர்கிறது, அதாவது காடியின் வழியே ஓடத் தொடங்குகிறது.

ஓடும்போது ஒரு நுனி கீழ் விளிம்பின் மேல் உருள்கிறது. மறு நுனி மேல் விளிம்பின் அடியில் உருள்கிறது. இரண்டு நுனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன. தொடும் விளிம்புகளும் எதிரெதிரானவை. எனவே இரண்டு இடங்களிலும் உராய்வு உட்பந்தை ஒரே திசையில்தான் முறுக்குகிறது. இரு நுனிகளும் ஒரே விளிம்பைத் தொட்டால் ஒன்று முன்னே முறுக்க, மற்றது பின்னே முறுக்கி வேலையைக் கெடுத்துவிடும். இடைவெளி ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

அச்சு, உருள்வதற்குத் தேவையானதைவிடச் சற்று வேகமாகக் காடியில் ஓடினால், உராய்வு உட்பந்தை மேலும் முடுக்கும். மெதுவாக ஓடினால் அதே உராய்வு தடையாக மாறும். மணிக்கட்டின் வட்டம் அச்சின் ஓட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது இதனால்தான். ஊஞ்சலைத் தள்ளுகிறவர் சரியான கணத்தில் தள்ளுவது போன்ற பழக்கம் இது. இடமாகச் சுழற்றினாலும் வலமாகச் சுழற்றினாலும் பலன் ஒன்றே என்பது இன்னொரு அழகு. திசை மாறினால் தள்ளும் விளிம்பும் மாறும், அச்சின் ஓட்டமும் மாறும். இரண்டு மாற்றமும் சேர்ந்து முறுக்கு பழைய திசையிலேயே அமைந்துவிடுகிறது. நிற்கும் உட்பந்துக்குக் கோண உந்தம் இல்லை, ஆகவே பக்கவாட்டில் ஓடும் குணமும் இல்லை. முதல் இழுப்புக்குக் கயிறோ கட்டைவிரலோ வேண்டியிருப்பது இதனால்தான்.

இயந்திரங்களில் உராய்வைக் குறைக்க எண்ணெய் இடுகிறோம். இந்தக் காடியில் எண்ணெய் இட்டால் கதை முடிந்தது! உருள வேண்டிய நுனி வழுக்கும். எவ்வளவு சுழற்றினாலும் வேகம் ஏறாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காடியின் ஆரம் அச்சு நுனியின் ஆரத்தைப்போல் 40 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அச்சு காடியை ஒரு முறை சுற்றி வந்தால் உட்பந்து 40 முறை சுழன்றிருக்கும். மணிக்கட்டு விநாடிக்கு இரண்டரை வட்டம் போட்டால் உட்பந்து விநாடிக்கு 100 சுற்று, நிமிடத்துக்கு 6,000 சுற்று. ரீங்காரத்தின் அதிர்வெண்ணும் விநாடிக்கு 100. தெருமுனை டிரான்ஸ்பார்மரின் உறுமலும் 100 அதிர்வுகள்தான், ஏனெனில் நம் மின்சாரம் 50 சைக்கிள். உறுமல் அதன் இரட்டிப்பு. சுருதி பிடிக்கத் தெரிந்த மாணவர் வேகமானி இல்லாமலே பந்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

உட்பந்தை 200 கிராம் எடையும் இரண்டரை செ.மீ. ஆரமும் உள்ள திண்மக் கோளமாக எடுத்துக்கொண்டால், இந்த வேகத்தில் அதில் ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கச் செலவாகும் ஆற்றல் அது. அத்தனையும் உங்கள் முன்கைத் தசைகள் கொடுத்தது. அவற்றுக்குக் கொடுத்தது காலையில் சாப்பிட்ட இட்லி. ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் பிறப்பதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மணிக்கட்டு உணரும் திருப்புவிசை என்ன? கோண உந்தத்தை அச்சு சுற்றிவரும் கோண வேகத்தால் பெருக்க வேண்டும். நம் கணக்கில் சுமார் அரை நியூட்டன் மீட்டர் வருகிறது. மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி அரைக் கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஆனால் தொங்கும் எடை எப்போதும் கீழேதான் இழுக்கும். இதன் இழுப்பு ஒவ்வொரு கணமும் திசை மாறிச் சுற்றிவருகிறது. கையை இரு மடங்கு வேகமாகச் சுழற்றினால், அச்சின் வேகமும் இரட்டிப்பு, உட்பந்தின் வேகமும் இரட்டிப்பு. ஆகவே திருப்புவிசை நான்கு மடங்கு, அதாவது இரண்டு கிலோவுக்குச் சமம்! பலசாலிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே பந்து போதும் என்பதன் சூத்திரம் இந்த இருபடி விதிதான். கைப்பிடி ஸ்பிரிங்கில் இந்த வசதி இல்லை. அதை மூடினால் உண்டு, இல்லையேல் இல்லை.

விரலின் பலம் விரலில் இல்லை

பயிற்சி எந்தத் தசைக்கு என்று அறிய ஒரு சோதனை. இடக்கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை மூடித் திறவுங்கள். உங்கள் பிடிக்குள் தசைகள் புரள்வது தெரியும். விரல்களை அசைக்கும் தசை எதுவும் விரல்களுக்குள் இல்லை. பலமாகப் பற்றும் தசைகளின் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. பொம்மலாட்டக் கயிறுகள் போலத் தசைநாண்கள் அங்கிருந்து விரல் நுனிவரை ஓடுகின்றன. கையின் 27 எலும்புகளில் 8 மணிக்கட்டில் உள்ளன. அவற்றின் உட்புறத்தில் உள்ள ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியே 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

இன்னொரு சோதனை. மணிக்கட்டை உட்புறமாக முழுவதும் மடக்கிக்கொண்டு கைமுட்டியை இறுக்கிப் பாருங்கள். இறுகாது. விரல்களை மடக்கும் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன. முன்கையின் வெளிப்புறத் தசைநாண்களோ இழுபட்டு விரல்களைத் தடுக்கின்றன. இறுகப் பற்ற வேண்டுமானால் வெளிப்புறத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்தாக வேண்டும். ஸ்பிரிங் கருவியில் பெரும் பளு உட்புறத் தசைகளுக்கே. சுழலும் பந்தின் இழுப்போ சுற்றிச் சுற்றி வருவதால் இரு பக்கத்தாரும் மாறி மாறி உழைக்கிறார்கள். இந்தக் கருவியின் உண்மையான சிறப்பு இதுதான் என்று சொல்வேன்.

விளம்பரங்கள் இத்தோடு நிற்பதில்லை. எல்லா மணிக்கட்டு வலியும் இதனால் தீரும் என்பது போலப் பேசுகின்றன. வலிக்குக் காரணங்கள் பல. அந்தச் சுரங்கத்தில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகின்றன என்றால், பந்தை இறுகப் பற்றிச் சுழற்றுவது நிலைமையை மோசமாக்கலாம். எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த கைக்கு எப்போது, எவ்வளவு பயிற்சி என்பதை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோதான் சொல்ல வேண்டும். நலமாக உள்ள கைக்கும் தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடம் போதும். தசை களைப்பது வேறு, மூட்டு வலிப்பது வேறு. மூட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சுழலும் பந்தின் திறப்பைத் தலைமுடிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். தரையில் போட்டால் மெல்லிய அச்சு வளைந்து பந்தே வீணாகும்.

பந்து கிடைக்காதவர்களுக்குச் சைக்கிள் சக்கரம் இருக்கிறது. கழற்றிய முன்சக்கரத்தின் அச்சை இருபுறமும் கைகளால் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் வேகமாகச் சுற்றிவிடட்டும். ஆரக்கால்களில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வலக்கை முனையை மேலே தூக்குங்கள். சக்கரம் மேலே வராமல் முன்னாகவோ பின்னாகவோ திரும்பப் பார்க்கும். எந்தப் பக்கம் என்பது சுழலும் திசையைப் பொறுத்தது. சுழலும் திசையை மாற்றச் சொல்லி மறுபடி தூக்கிப் பாருங்கள். 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நிமிடத்துக்கு 6,600 முறை சுழலும் 4 கனத்த எஃகுச் சக்கரங்கள் உண்டு. அவற்றின் அச்சைச் சாய்த்துத்தான், எரிபொருளைச் செலவிடாமல், அந்தப் பெரிய நிலையத்தையே திருப்புகிறார்கள்.