சிலையாக நிற்கும் கிராமம்

கொங்கண் கடற்கரையின் பழைய வாழ்வைக் காட்டுகிறது ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். சிலைகள் சொல்லாமல் விடும் கதையும் உண்டு.

புனேயின் வானவடியில் மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டேவுக்கு ஒரு நினைவாலயம் இருக்கிறது. 1794-இல் அவர் இறந்தது இந்த வானவடியில்தான். வழிவந்த குவாலியர் சிந்தியாக்களிடம் பணமும் பதவியும் இருந்தன, நினைவாலயம் நிலைத்துவிட்டது. ஆனால் அதே காலத்தில் ஏர் பிடித்தவருக்கும், பானை வனைந்தவருக்கும், வலை வீசியவருக்கும் யார் நினைவாலயம் எழுப்புவது?

அந்தக் கேள்விக்கு ஒரு பதில், புனேயிலிருந்து மேற்கே சஹ்யாத்ரி மலைத்தொடரைத் தாண்டி இறங்கினால் கிடைக்கிறது. மலைக்கும் அரபிக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் கொங்கண். புனேயை ஆண்ட பேஷ்வாக்களின் பூர்வீகமே இங்குள்ள ஸ்ரீவர்தன்தான். ரத்னகிரி மாவட்டத்தின் கணபதிபுலேயில், கடலோரச் சுயம்பு விநாயகரைத் தரிசிக்க வருகிறவர்களில் பலர் எட்டிப் பார்க்கும் இடம் 'பிராசீன் கொங்கண்'. பழைய கொங்கண் என்று பொருள். கூரையும் கண்ணாடிப் பெட்டியும் கொண்ட அருங்காட்சியகம் அல்ல இது. மரங்களுக்கு நடுவே, பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கிராமம் ஆளுயரச் சிலைகளாக நிற்கிறது. பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. பாட்டிகளுக்கோ, தங்கள் பாட்டி வாழ்ந்த வீடு.

இந்த யோசனை சுவீடனில் பிறந்தது. தொழிற்சாலைகள் பெருகிக் கிராமங்கள் கரையத் தொடங்கியபோது, 1891-இல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் 'ஸ்கான்சென்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே நிறுத்தினார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் அந்த வழிதான். இடிபட இருந்த வீடுகளின் தூணும் கதவும் அங்கே மறுவாழ்வு பெற்றன. கணபதிபுலேயின் வழி வேறு: இருந்ததைப் பெயர்த்து வராமல், இருந்ததுபோல் செய்து காட்டுவது.

காட்டுவதற்குக் கொங்கணில் பஞ்சமில்லை. 'ஜாம்பா' எனப்படும் செம்புறாங்கல் சுவர், கொட்டும் மழைக்குச் சரிந்த கூரை, வாசலில் துளசி மாடம், பின்னால் தென்னை, பாக்கு, புளிப்புக்குக் கோகம் மரம். கிராமத்தின் தொழில்களுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கொல்லர், தச்சர், குயவர், நாவிதர், வண்ணார் எனப் பன்னிரண்டு வகைத் தொழிலாளர் ஊருக்கு உழைப்பார்கள். பட்டியல் ஊருக்கு ஊர் சற்று மாறும். அவர்களுக்குக் கூலி காசாக அல்ல, அறுவடையில் ஒரு பங்காக வரும். தமிழ்நாட்டில் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்த வழக்கத்துக்கு உறவான இந்த ஏற்பாட்டின் பெயர் 'பலுதா'.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தலித் எழுத்தாளர் தயா பவார் 1978-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு வைத்த தலைப்பும் 'பலுதா'தான். அந்தப் பங்கு உரிமையாக வந்ததா, பிச்சையாக வந்ததா என்பது வாங்கியவரின் சாதியைப் பொறுத்தது. சிலையின் கையில் இருக்கும் கூடையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நிலமும் அப்படியே. வரி வசூலிக்கும் பரம்பரை உரிமை பெற்ற 'கோத்'கள், சாகுபடி செய்தவர்களை நெருக்கி விளைச்சலில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் 1933-இல் அலிபாக் அருகே சரி கிராமத்து உழவர்கள் நாராயண் நாகு பாட்டீல் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நிலத்தை உழாமல் போட்டுவிட்டு ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். ரத்னகிரி மாவட்டத்து அம்படவே கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட டாக்டர் அம்பேத்கர், 1937-இல் பம்பாய் சட்டசபையில் கோதி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். மறு ஆண்டு ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் பம்பாயில் ஊர்வலம் போனார்கள். ஒழிப்புச் சட்டம் வந்ததோ சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-இல்.

அதற்கு வெகு காலம் முன்பே கிராமம் காலியாகத் தொடங்கியிருந்தது. சிறுத்த நிலம் எல்லோருக்கும் சோறு போடவில்லை. ஆண்கள் பம்பாயின் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். ஊரில் பெண்கள் மணியார்டருக்குக் காத்திருந்தார்கள். 1982-இல் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் இறங்கிய வேலைநிறுத்தம் தோற்று, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்த அடி கொங்கணின் அடுப்படி வரை எட்டியது. 1998-இல் கொங்கண் ரயில் முழுத் தடத்திலும் ஓடத் தொடங்கியது. போனவர்கள் வந்துபோவது எளிதானது. ஆனால் வந்து தங்குவதற்குப் பிழைப்பு வேண்டுமே!

ஆக, திறந்தவெளி அருங்காட்சியகம் பாதிக் கடமையைச் செய்கிறது. ஏர் எப்படி இருந்தது, வீடு எப்படி இருந்தது என்று நகரத்துப் பிள்ளைக்குக் காட்டுகிறது. அது சிறிய காரியம் அல்ல. மீதிப் பாதி, அந்த ஏரை யார் பிடித்தார், விளைந்ததை யார் கொண்டுபோனார், பிடித்தவர் ஏன் ஊரைவிட்டுப் போனார் என்பது. அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் கொங்கணின் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சிலை காத்திருக்கும், அவர்களால் முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் விநாயக சதுர்த்திக்கு மும்பையிலிருந்து ரயில்கள் நிரம்பி வருகின்றன. பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கப்படுகின்றன, செம்புறாங்கல் திண்ணைகள் கழுவப்படுகின்றன, விளக்கு எரிகிறது. பிள்ளையாரைக் கரைத்த பிறகு பல கதவுகளில் மறுபடி பூட்டுத் தொங்குகிறது. அந்தச் சில நாட்களில் பேரன் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அருங்காட்சியகம் சொல்லாத மீதிக் கதை கிடைத்துவிடும்.