டி.ஜே. பாட்டுக்கும் ஏற்ற இறக்கம் வேண்டும்!

கல்யாண ரிசப்ஷன் என்றால் இப்போதெல்லாம் டி.ஜே. இல்லாமல் நடப்பதில்லை. எங்கள் செவிலிமேட்டிலும் அப்படித்தான். "ஒரே டமால் டமால்! இது ஒரு சங்கீதமா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இதற்கும் ஒரு முறை இருக்கிறதாம். சென்னையில் இந்த வேலை செய்யும் என் தங்கை பிள்ளை விவரமாகச் சொன்னான்.

"பெரியம்மா, நல்ல டி.ஜே. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போகமாட்டார். நிமிஷத்துக்கு 120 தட்டு என்று ஆரம்பித்து, ஜனம் சேரச் சேர மெல்ல 128 வரை கொண்டு போவார். நடுவிலே தாளத்தை நிறுத்தி, மெட்டை மட்டும் ஓடவிடுவார். திரும்பத் தாளம் விழும் பாருங்க, அதுதான் ஜோர்!"

அட, நம் கச்சேரியும் இப்படித்தானே? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த முறைப்படி முதலில் வர்ணம், விறுவிறுப்பான சின்னக் கிருதிகள், பிறகு நிதானமாகப் பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா. நம் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று பெரிய லய பட்டாளத்தோடு பாடினவர். ஆனாலும் ராக ஆலாபனை என்றால் மிருதங்கம் மௌனம்தான்! புடவை உடல் முழுக்க ஜரிகையாக நெய்தால் முந்தானை எடுபடுமா?

இது ரசனை விஷயம் மட்டுமல்ல, காது விஷயமும்கூட. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட, கேட்கலாம் என்கிற நேரம் பாதி பாதியாகக் குறையும். இசை அரங்குகளில் சத்தம் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு தர அமைதியான இடமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ரிசப்ஷனில் என் அண்ணன் மகள் மூன்று மாதக் குழந்தையோடு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தாள். மேடை ஏறி மணமக்களை வாழ்த்தக்கூட முடியவில்லை, பாவம்!

ஆகவே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே டி.ஜே.யிடம் பேசிவிடுங்கள். பந்தி நடக்கும்போது மெல்லிய பாட்டு. ஆடும் நேரத்தில் மட்டும் வேகம். நடுநடுவே சற்று ஓய்வு. ஸ்பீக்கர் பந்திப் பக்கம் திரும்பியிருக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரிகளுக்குத் தள்ளி ஓர் அறை ஒதுக்குங்கள். திறந்த வெளியானால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 2000-ல் வந்த விதி அது.

பிள்ளைகள் ஆடட்டும்; பாட்டியும் பேத்தியும் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசிக்கட்டுமே!