பழைய அடித்தளமா, புதிய வீடா?

"போன விளையாட்டில் பார்த்த அதே ஊர், அதே மலை! பெயரை மாற்றி விற்கிறார்கள், வாப்பா!"

வீடியோ கேமில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருக்கும் இல்லங்களில் இப்படியொரு குறையை நீங்கள் கேட்டிருக்கலாம். வேறொரு நாள் அதே பிள்ளை, "எல்லாவற்றையும் மாற்றிக் கெடுத்துவிட்டார்கள்" என்று வருந்துவதும் உண்டு. பணம் கொடுப்பவர் நீங்கள். ஆகவே இவ்விரு குறைகளில் எது நியாயம் என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

ஒவ்வொரு வீடியோ கேமுக்கும் 'எஞ்சின்' எனப்படும் மென்பொருள் அடித்தளம் ஒன்று உண்டு. திரையில் காட்சிகளை வரைவதும், எறிந்த கல்லைக் கீழே விழச் செய்வதும், ஓடுபவனைச் சுவர் தடுத்து நிறுத்தச் செய்வதும் அதன் வேலை. கதையும் ஊர்களும் மனிதர்களும் அதன்மேல் எழுப்பப்படுகின்றன. இதனைப் புதிதாக உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகக்கூடும். எனவேதான் நிறுவனங்கள் பழையதையே செப்பனிட்டுப் பயன்படுத்துகின்றன.

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1986-இல் தொடங்கிய 'செல்டா' வரிசையைப் பாருங்கள். அவ்வரிசையின் முதல் முப்பரிமாண விளையாட்டான 'ஓகரினா ஆஃப் டைம்' 1998-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அதன் எஞ்சினும் முற்றிலும் புதியதன்று; 1996-இல் வந்த 'சூப்பர் மரியோ 64' விளையாட்டின் எஞ்சினைப் பெரிதும் திருத்தி அமைத்ததே.

அதன் நிலவறைகளை மட்டும் மாற்றியமைத்துத் தருமாறு மூத்தவர் ஷிகேரு மியாமோட்டோ கேட்டபோது, எய்ஜி அவோனுமாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அப்படியானால் ஓராண்டுக்குள் புதிய விளையாட்டையே தயாரிக்க வேண்டும் என்றார் மியாமோட்டோ. பழைய எஞ்சினும் பழைய உருவங்களும் கைவசம் இருந்ததனால்தான் அது கைகூடியது. 2000-இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' விளையாட்டில் அறிமுகமான முகங்களே வேறு ஊரில் வேறு மனிதர்களாக நடமாடின. மூன்று நாளில் நிலவு விழுந்து ஊர் அழியும். அதற்குள் காலத்தைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். முகங்கள் பழையவை, கதையோ முற்றிலும் புதியது.

ஆனால் காலப்போக்கில் விளையாடும் முறையே பழகிப்போயிற்று. நிலவறைக்குச் செல், கருவியைக் கண்டெடு, எதிரியை வெல், அடுத்த நிலவறைக்குப் போ. இவ்வழக்கத்தையே மறுபரிசீலனை செய்யப் போவதாக 2013-இல் அவோனுமா அறிவித்தார். அதன் விளைவே 2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்'. விரும்பிய திசையில் செல்லலாம், மலைகளில் ஏறலாம், நெருப்பு புல்லைப் பொசுக்கும், இடிமழையில் உலோக ஆயுதம் மின்னலை இழுக்கும். வியப்பு என்னவென்றால், இப்புதுமைகளைத் தயாரிப்பாளர்கள் முதலில் சோதித்துப் பார்த்தது, 1986-ஆம் ஆண்டு விளையாட்டைப் போன்ற எளிய மாதிரி ஒன்றில்தான்!

2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' மீண்டும் அதே நிலப்பரப்பில் அமைந்தது. உங்கள் பிள்ளை சொன்ன குறை இங்கேதான் எழுகிறது. ஆயினும் வானில் தீவுகளும் பூமிக்கடியில் இருள் உலகமும் சேர்க்கப்பட்டிருந்தன. கிடைத்த பொருள்களை ஒட்டி வண்டியும் படகும் பறக்கும் ஊர்தியும் ஆடுபவரே செய்துகொள்ளலாம். முதல் 3 நாள்களில் உலகெங்கும் 1 கோடி பிரதிகள் விற்றன.

இதற்கு மாறான கதையும் உண்டு. 1997-இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்க விளையாட்டான 'டியூக் நியூகம் ஃபாரெவர்', மறு ஆண்டே எஞ்சினை மாற்றியது. திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. 2009-இல் அதனைத் தயாரித்தவர்கள் வேலை இழந்தனர். வேறொரு நிறுவனம் முடித்து 2011-இல் வெளியிட்டபோது, 14 ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

ஆகவே, பழையதைப் பயன்படுத்துவது சோம்பலுமன்று; அனைத்தையும் இடித்துக் கட்டுவது திறமையுமன்று. அடுத்த பாகம் கேட்டு உங்கள் பிள்ளை வந்து நிற்கும்போது, "அதே மலையா?" என்று கேட்காதீர்கள். "அந்த மலையில் இப்போது புதிதாக என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பிள்ளை கண்கள் விரிய விவரித்தால், மிச்சமான உழைப்பு நல்வழியில் செலவாகியிருக்கிறது என்று பொருள். விடை சொல்லத் தடுமாறினால், உங்கள் பணம் பையிலேயே இருக்கட்டும்.