கழிவுப்பாகில் பிறக்கும் வோட்கா!

சந்தவாசல் பக்கம் தறி ஒருபுறம் என்றால், கரும்பு இன்னொருபுறம். அந்தக் கரும்பு ஆலைக்குப் போன பிறகு என்ன ஆகிறது?

ஒரு டன் கரும்பை அரைத்தால் சர்க்கரை போக, சுமார் 45 கிலோ கழிவுப்பாகு மிஞ்சும். அதிலிருந்து ஏறக்குறைய 10 லிட்டர் எரிசாராயம் எடுக்கலாம். நம் நாட்டில் பல வோட்காக்களுக்கு இதுதான் மூலப்பொருள். பாகில் தண்ணீர் கலந்து ஈஸ்ட் போட்டால், ஒன்றரை நாளில் புளித்துவிடும். உயரமான கோபுரங்களில் திரும்பத் திரும்பக் காய்ச்சி, 96 சதவிகிதம் வரை சுத்தமாக்குகிறார்கள். தண்ணீர் சேர்த்து 42.8 சதவிகிதத்துக்கு இறக்கி, கரியில் வடிகட்டினால் வோட்கா. பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்! அதனால் உப்பு நீக்கிய நீர் கட்டாயம்.

‘வோட்காவுக்கு ருசியே கிடையாது’ என்பது முழு உண்மையல்ல. ரை தானியத்தில் செய்தால் லேசான மிளகுக் காரம், உருளைக்கிழங்கில் செய்தால் கொழகொழப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில், தானியமோ உருளைக்கிழங்கோ அல்லாத பொருளில் செய்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும்.

சரி, விவசாயிக்கு என்ன பங்கு? சர்க்கரையோடு பாகு, சக்கை வருவாயையும் சேர்த்து, 70 சதவிகிதம் தரச் சொன்னது ரங்கராஜன் குழு (2012). மத்திய அரசின் எஃப்.ஆர்.பி விலையோ, இன்னும் சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்தே ஏறி இறங்குகிறது.