புல்லட்டில் கிளட்ச் 'கட்' ஆகவில்லையா? செட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சம்பா நடவு முடிந்த நேரம். புவனகிரி பக்கம் ஒரு கிராமத்தில் நெல்லில் துத்தநாகப் பற்றாக்குறை பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினேன். ஒரு விவசாயி கூடவே வந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், நீங்களும் பழைய புல்லட்டுதானா? நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு. எங்கப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போட்ட காசுல வாங்குனது. இப்ப கிளட்ச் கட் ஆக மாட்டேங்குது. போன வாரம் ரயில்வே கேட்ல நிக்கிறேன், கிளட்ச்ச புடிச்சிருக்கும்போதே வண்டி நகந்து முன்னாடி நின்ன சைக்கிள்ல இடிச்சிடுச்சு. பையன் வித்துடுங்கிறான்."

சைக்கிளின் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்திருந்ததாம். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. மெக்கானிக் கிளட்ச் செட்டும் டிரம்மும் மாற்றவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "பயிர் சம்பந்தமில்லாத கேள்வி, தப்பா நினைக்காதீங்க" என்றார். உர மூட்டையும் பால் கேனும் சுமக்கிற வண்டி விவசாயக் கருவி இல்லாமல் வேறென்ன?

கிளட்ச்சில் இரண்டு கோளாறு உண்டு. ஒன்று ஸ்லிப் ஆவது: ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் அலறும், வண்டி ஏறாது. இன்னொன்று கட் ஆகாமல் இழுப்பது: லிவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னால் போகப் பார்க்கும், முதல் கியர் 'டொக்' என்று விழும், நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது. குதிகாலால் நியூட்ரல் லிவரை அமுக்கி அமுக்கியே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கியர் பாக்ஸ் பற்கள் தேய்வது அப்படித்தான். ஸ்லிப் ஆனால் பிளேட் தேய்ந்திருக்கலாம். இழுத்தால் பெரும்பாலும் பிளேட் தேய்மானம் காரணமே இல்லை. பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகவில்லை, அவ்வளவுதான். எதற்காக விலகவில்லை என்று பார்க்காமல் செட் மாற்றுவது, இலை மஞ்சளானதும் காரணம் பார்க்காமல் யூரியா வீசுகிற கதை.

1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து வந்த வலதுகால் கியர் புல்லட்டுகளில் கிளட்ச் இடதுபக்கம், செயின் கேஸுக்குள் ஆயிலில் ஓடும். நீங்கள் லிவரைப் பிடித்தால் ஒயர் இழுக்கும். வலதுபக்கம் கியர் பாக்ஸ் மூடிக்குள் இருக்கிற கை, நீளமான ஒரு கம்பியைத் தள்ளும். அது கியர் பாக்ஸ் ஷாஃப்டின் துளை வழியாக இடதுபக்கம் போய் பிரஷர் பிளேட்டைத் தூக்கும். ஆக லிவரிலிருந்து பிளேட் வரை எங்கே அசைவு வீணானாலும் கிளட்ச் கட் ஆகாது.

காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு உதை உதையுங்கள். இரவெல்லாம் ஆயிலில் ஒட்டிக்கிடந்த பிளேட்டுகள் விடுபடும். பழைய புல்லட்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நாள் முழுக்க இழுக்கிறது என்றால் அடுத்தது ஒயர். லிவர் பக்கம் முனையைக் கழற்றிப் பாருங்கள். இழை ஒன்றிரண்டு அறுந்திருந்தாலோ, உறை மடங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பும்போது ஒயர் இறுகக்கூடாது.

பிறகு அட்ஜஸ்ட்மென்ட். இதில்தான் பலரும் முறை மாற்றிச் செய்கிறார்கள். ஒயரை மட்டும் இறுக்கிக்கொண்டே போவார்கள். முதலில் ஒயரை நன்றாகத் தளர்த்துங்கள். வலதுபக்கம் கியர் பாக்ஸ் மூடியில் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றினால் லாக் நட்டோடு ஒரு ஸ்குரு தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரு கம்பியை லேசாகத் தொடும்வரை உள்ளே திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று வெளியே எடுத்து, ஸ்குரு திரும்பாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். அதன்பின் ஒயரைச் சரிசெய்யலாம். லிவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கவேண்டும். ஆட்டமே இல்லாமல் வைத்தால் கட் நன்றாக ஆகும், ஆனால் ஸ்லிப் ஆகி பிளேட் எரியும்.

அடுத்தது ஆயில். நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதை விடவே கூடாது. 2015 நவம்பர் வெள்ளத்தில் என் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜின் ஆயிலை மாற்றினேன், செயின் கேஸை மறந்துவிட்டேன். பொங்கல் சமயத்தில் கிளட்ச் இழுக்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் புது பிளேட் செட் போட்டுக் கொடுத்தார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. வீட்டில் நானே திறந்தபோது உள்ளே பால் காபி நிறத்தில் கெட்டியாக ஒரு குழம்பு! புதுப் பிளேட்டுகளைக் கழற்றி மாட்டியவர்கள் அந்தத் தண்ணீர் கலந்த ஆயிலை மாற்றாமலே மூடியிருக்கிறார்கள். வேளாண்மை படித்தவனுக்கு இன்ஜின் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அன்றிலிருந்து செயின் கேஸை நான்தான் திறக்கிறேன்.

திறப்பது கஷ்டமில்லை. டபுள் ஸ்டாண்டு போட்டு, கீழே அகலமான தட்டு வையுங்கள். இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றுங்கள், பிரேக் பெடல் இடைஞ்சலாக இருந்தால் அதையும் எடுங்கள். நடுவில் இருக்கிற ஒரே பெரிய நட்டை எடுத்தால் மூடி வந்துவிடும், ஆயிலும் கொட்டும். உள்ளே கரண்ட் ஒயர்கள் இருக்கும், இழுத்துவிடாதீர்கள். ஸ்பிரிங் ஸ்குருக்களை ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றாமல் சுற்றிச்சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே, எடுத்த பக்கமே மேலாக, செய்தித்தாளில் பரப்புங்கள். முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெட்ரோலில் கழுவினால் வெட்டவெளியில். அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம். பழைய பிளேட் தூசியை வாயால் ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம்.

ஸ்டீல் பிளேட்டை ஜன்னல் கண்ணாடி மேல் வையுங்கள். ஓரத்தில் சவர பிளேடு தாராளமாக நுழைந்தால் அது வளைந்துவிட்டது, மாற்றவேண்டும். லேசான துரு என்றால் உப்புத்தாள் போதும். டிரம்மின் பள்ளங்களில் விரல் ஓட்டிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் மோதி மோதிப் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுந்திருக்கும். பிளேட்டுகள் அதில் மாட்டிக்கொண்டு விலகாது. சிறிய வெட்டை அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாம். ஆழமாக இருந்தால்தான் டிரம் மாற்றவேண்டும். பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

மாட்டியபின் மூடி போடும் முன் ஒரு சோதனை. வீட்டில் ஒருவரைக் கிளட்ச் பிடிக்கச் சொல்லி, கிக்கரை மெல்லக் கையால் அமுக்குங்கள். பிரஷர் பிளேட் ஒருபக்கம் தூக்கி ஒருபக்கம் படுத்தபடி சுற்றினால் ஸ்பிரிங் சமமாக இல்லை. ஆயில் லெவல் ஸ்குரு வரைக்கும் போதும். கியர் பாக்ஸுக்கு வாங்கிய 90 நம்பர் ஆயிலை இங்கே ஊற்றாதீர்கள். அந்தக் கெட்டியே பிளேட்டை ஒட்டவைக்கும். உராய்வைக் குறைப்பதாகச் சொல்லும் கார் ஆயிலும் வேண்டாம், ஸ்லிப் ஆகும்.

அந்தப் புவனகிரி விவசாயியின் வண்டிக்கு இவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. அவர் பையனே ஸ்பானர் பிடித்தான். ஒயரில் நாலு இழை அறுந்திருந்தது, உள் ஸ்குருவின் லாக் நட் தளர்ந்துபோயிருந்தது. ஒயர் மாற்றி, அட்ஜஸ்ட் செய்ததும் நின்ற இடத்தில் நியூட்ரல் விழுந்தது. சிதம்பரம் வரை ஓட்டிவிட்டு வந்த பையன் விற்பதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது அப்பாதான் கேட்டார், "நட்ட வயலுக்கு துத்தநாகம் எப்படி சார் குடுக்குறது?" 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து இலையில் தெளிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.