குளியலறைத் தரை கற்றுத் தந்த பாடம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கட்டிய வீட்டில் குளியலறைத் தரையை உடைத்துப் போட்டுப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்களோ தெரியவில்லை! அந்தச் சோதனையை நாங்கள் ஒரு முறையல்ல, இரண்டு முறை அனுபவித்தோம். நாங்கள் பட்டதை நம் தோட்டத்துத் தோழர்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் காஹாங். எண்டாவ் - ரொம்பின் வனப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் இவ்வழியாகப் போவார்கள். எங்கள் அப்பா தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தைப் போட்டு மலிவு விலை வீடு ஒன்று வாங்கினார். லயத்தில் இருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த மறைப்புதான் எங்கள் குளியலறை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில், இருட்டிலேயே நாலு வாளி ஊற்றிக்கொண்டு கிளம்பியவர்கள் நாங்கள். சொந்த வீட்டுக்குள்ளேயே குளியலறை என்றதும் அம்மா பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்த அம்மாவே ஒருநாள் அதில் வழுக்கி விழுந்தார்.

பழைய சிமெண்டுத் தரை வெடித்து, மூலையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டது நாங்கள்தான். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்தது அம்மா, குற்றவாளி நாங்கள்!

முதல் முறை ஏமாந்தது

அவசரத்தில் ஒரு கான்டிராக்காரரைக் கூப்பிட்டோம். "பழைய தரைய ஒடைக்க வேணாங்க. அதுமேலேயே டைல்ஸ் ஒட்டிடலாம், செலவு கம்மி" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம். இரண்டே நாளில் வேலை முடிந்தது. தரை கண்ணாடி போல மின்னியது. வந்தவர் போனவரெல்லாம் மெச்சினார்கள்.

ஒரு மாதத்தில் வண்டவாளம் வெளியே வந்தது. தரையின் மேல் தரை ஏறியதால், குளியலறை கூடத்துக்குச் சமமாக உயர்ந்துவிட்டது. குளிக்கும் தண்ணீர் துவாரத்துக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது. கதவின் அடிப்பாகம் ஊறி உப்பியது. காசால் தட்டினால் பாதி டைல்ஸ் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டது. மின்னிய தரையோ ஈரம் பட்டதும் முன்னைவிட அதிகமாக வழுக்கியது. கையில் கட்டோடு இருந்த அம்மா, "இதுக்கு அந்தப் பாசியே தேவலாம்டா" என்றார்.

பெரியவர் சொன்னது

தோட்டத்தில் கொத்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் போனோம். வந்து பார்த்தார். ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்தார். அது ஓடும் திசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, டைல்ஸ் தண்ணியத் தடுக்காது. அது மேல போடுற சட்டை. தண்ணியத் தடுக்கிறதும், தண்ணிக்கு வழி காட்டுறதும் கீழே இருக்கிற வேலை. சட்டையப் பாத்து ஏமாந்துட்டீங்க."

அவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, நாங்களே செய்து முடித்த முறை இதுதான்:

முதலில் பருவம். நவம்பரில் தொடங்கும் அடைமழைக் காலத்தில் சிமெண்டு வேலை காயாது. 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஜொகூர் கண்ட வெள்ளத்தை மறக்க முடியுமா? ஆகவே வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்கினோம்.

அடுத்து உடைப்பது. வடியும் துவாரத்தில் பழந்துணியை அடைத்துவிட வேண்டும். ஜல்லி உள்ளே விழுந்தால் குழாயே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்க வேண்டும். சிமெண்டுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். மூக்குக்கு மறைப்பும், கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். ஈரச் சிமெண்டு தோலை அரித்துப் புண்ணாக்கும். ஆகவே கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

மூன்றாவது சரிவு. இதுதான் உயிர்நாடி. அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வேண்டும். எங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஆறடி. வாசல் பக்கத்திலிருந்து துவாரம் வரை ஆறடியில் ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். சுவரில் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துக் கோடு போட்டுக்கொண்டோம். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். ஏறக்குறைய ஒரு 50 கிலோ மூட்டையிலேயே தரை முழுவதும் முடிந்தது. வாசலில் குளியலறைத் தரை கூடத்தைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்குமாறு பார்த்துக்கொண்டோம். பிறகு மூன்று நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்தோம்.

நான்காவது, நீர் கசியாத பூச்சு. ஹார்ட்வேர் கடையில் டின்னில் கிடைக்கும். தரை காய்ந்த பிறகு முதல் பூச்சு நெடுக்காக. அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு குறுக்காக. தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓர் அடி ஏற்றிப் பூச வேண்டும். மூலைகளில்தான் கசிவு தொடங்கும். பூச்சு நன்றாகக் காய்ந்ததும் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது! அன்றைக்குத்தான் பெரியவர் டைல்ஸ் பெட்டியைத் திறக்கவே விட்டார்.

டைல்ஸ் வாங்கும்போது, மேலே சொரசொரப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஈரக் கையால் தடவிப் பாருங்கள். முப்பது சதுர அடிக்கு ஓரடி டைல்ஸ் முப்பதுதான் என்று கணக்குப் போடக் கூடாது. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். நாங்கள் 35 வாங்கினோம். மிஞ்சியது கட்டிலடியில் பத்திரமாக இருக்கிறது. நாளை ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. ஒட்டும்போது நான்கு மூலையில் மட்டும் பொட்டு வைக்காமல், அடிப்பாகம் முழுவதும் சாந்து படியும்படி வைத்து அழுத்தினோம். இடுக்குகளை மறுநாள் நிரப்பினோம்.

இத்தனைக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை எங்கள் குடும்பம் முழுவதும் குளித்தது பக்கத்து வீட்டில். ஒரு முகச்சுளிப்பு இல்லை. லயத்தில் பழகிய உறவு சும்மாவா?

தோட்ட வீட்டில் இருப்போர் கவனத்துக்கு

இதைப் படித்துவிட்டு, தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் இருக்கும் தோழர்கள் சொந்தக் காசைப் போட்டு உடைக்கத் தொடங்கிவிட வேண்டாம். தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், பின்னால் செய்த திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. தோட்டத்தில் கொடுத்திருக்கும் வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. வெடித்த தரைக்கும் ஒழுகும் குழாய்க்கும் முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு நகலும் தேதியும் உங்கள் கையில் இருக்கட்டும். நடவடிக்கை இல்லையென்றால் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் போகலாம். அனுமதி இல்லாமல் கட்டடத்தை மாற்றினால் குற்றம் உங்கள் தலையில் விழும். மேலும், வேலை முடிந்து வெளியேறும் நாளில் டைல்ஸைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியுமா?

உழைத்துச் சேர்த்த காசில் சொந்தமாக ஒரு கூரை கண்டவர்களுக்கு எங்கள் வார்த்தை இதுதான்: சம்பளக் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன், தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது நேரே துவாரத்துக்குப் போனால் பணத்தைக் கொடுங்கள். வாசலுக்கு வந்தால் கொடுக்காதீர்கள்.

எங்கள் அம்மா இப்போதும் குளிக்கப் போகுமுன் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் கால் வைக்கிறார். "தரை நல்லாத்தாண்டா இருக்கு, பயந்தான் இன்னும் போகல" என்கிறார். தரையை மாற்றப் பதினைந்து நாள் போதும். அந்தப் பயத்தை மாற்ற எத்தனை நாளாகுமோ! அதனால்தான் சொல்கிறோம், யாராவது விழும் வரை காத்திருக்காதீர்கள்.